கீழே கச்சான், மேலே வாடை

திருகோணமலையின் பாலையூற்றில் ஒக்டோபரின் முதல் பெருமழை கொட்டி ஓய்ந்து இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. மே மாதம் தொடங்கிக் கச்சான் அடித்துக் காய்ந்த நிலம் அது. கிணற்றில் வாளி தரைதட்டும். குளத்தின் ஓரம் வெடித்துக் கிடக்கும். வேலியோரப் புல்லைப் பிடுங்கினால் கையிலேயே பொடியாகும். அந்த ஒரு மழைக்குப் பிறகு, பின்னேரம் நான்கு மணிபோல வெறுங்காணிக்கு மேலே நிமிர்ந்து பார்த்தால் தும்பி. ஒன்றிரண்டு அல்ல. ஆள் உயரத்திலிருந்து தென்னை வட்டு உயரம்வரை நூற்றுக்கணக்கில், ஒன்றையொன்று முட்டாமல் சுற்றிக்கொண்டிருக்கும். சிறுவர்கள் தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். “தும்பி தாழப் பறக்குது, இன்னும் மழை இருக்கு” என்று சொல்லிக்கொண்டே கொடியில் காயும் உடுப்பை எடுக்கப் போவார்கள் வீட்டுப் பெண்கள்.

மழை வரட்டும். இந்தத் தும்பிகள் எங்கிருந்து வந்தன?

மழைக்குப் பிறந்தவை என்பதுதான் உடனே கிடைக்கும் விடை. கணக்குப் பார்த்தால் அது ஒத்துவராது. தும்பியின் பிள்ளைப்பருவம் முழுவதும் தண்ணீருக்குள் கழிகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் உயிரைப் பள்ளிப் பாடநூல்கள் அணங்கு என்கின்றன. இறக்கை இல்லாத, நுளம்புக் குடம்பிகளைப் பிடித்துத் தின்னும் சிறிய வேட்டைக்காரன் அது. மிக வேகமாக வளரும் தும்பி இனத்துக்கே அணங்குப் பருவம் 38 முதல் 65 நாள் பிடிக்கும். ஒக்டோபர் 10 ஆம் திகதி பெய்த மழையில் தேங்கிய நீரில் அன்றைக்கே முட்டை இட்டிருந்தாலும், அதிலிருந்து தும்பி பறக்க நவம்பர் நடுப்பகுதி ஆகிவிடும். மழைக்கு மறுநாள் பறப்பவை அந்த மழையின் பிள்ளைகளாக இருக்க வழியில்லை.

வற்றாத குளங்களும் ஆழக் கிணறுகளும் உண்டே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே வளரும் தும்பிகள் கரையை விட்டு அதிகம் அகல்வதில்லை. ஒரு நாணல் நுனியைத் தன் இடமாகப் பிடித்து வைத்துக்கொண்டு, வருகிற மற்றத் தும்பியைத் துரத்தும். மாரி தொடங்கும்போது கூட்டமாகச் சுற்றுவது பெரும்பாலும் வேறோர் இனம். பொன்மஞ்சள் உடல், செம்பழுப்புக் கண்கள், அடிப்பாகம் நன்றாக அகன்ற பின்னிறக்கைகள். உடல் நான்கரைச் சென்ரிமீற்றர் நீளம், எடை ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கும் வராது. எளிதில் உட்காராது. உட்கார்ந்தாலும் மற்றத் தும்பிகள் போலக் கிடையாக அல்ல, கொப்பைப் பிடித்துக்கொண்டு செங்குத்தாகத் தொங்கும். விலங்கியலாளர் இதற்கு வைத்த பெயர் பன்டாலா ஃபிளேவெசன்ஸ். துலா மாதத்தில், அதாவது நம் ஐப்பசியில், கூட்டமாக வருவதால் கேரளத்தில் துலாத்தும்பி. இங்கே தேசாந்தரித் தும்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் தும்பியின் பயணத்தைப் பற்றி முதலில் உரக்கக் கேட்டவர் பூச்சியியலாளர் அல்ல, கடலுயிரியலாளர். மாலைதீவில் நெடுங்காலம் வாழ்ந்த சார்ள்ஸ் அன்டர்சன் ஆண்டுதோறும் ஒக்டோபரில் தலைநகர் மாலேயில் தும்பிகள் குவிவதைக் கவனித்தார். பாலையூற்றிலாவது குளம் உண்டு, கிணறு உண்டு. மாலைதீவு பவளத்தீவு, பெய்யும் மழை நிலத்துக்குள் இறங்கிவிடும், மேலே தேங்கும் நன்னீர் மிகக் குறைவு. தும்பி இவ்வளவு எண்ணிக்கையில் அங்கே பெருக வாய்ப்பில்லை. அருகிலுள்ள இந்தியக் கரையோ 500 முதல் 1,000 கிலோமீற்றர் தொலைவு. 1996 முதல் அவர் முதல் தும்பி வந்த நாளைக் குறித்து வைத்தார். ஒவ்வோர் ஆண்டும் அது ஒக்டோபர் 4 க்கும் 23 க்கும் இடையில் விழுந்தது. நவம்பர், டிசம்பரில் எண்ணிக்கை உச்சத்துக்குப் போய்ப் பிறகு ஒன்றும் இல்லாமல் போகும். தென்னிந்தியாவில் அதற்கு முன்பே வருகின்றன. செஷெல்ஸ் தீவுகளில் நவம்பரில், கிழக்கு ஆபிரிக்காவில் அதற்கும் பிறகு. திகதிகளை ஒரு வரைபடத்தில் குறித்தால் வடக்கிலிருந்து தென்மேற்காக ஒரு கோடு நகர்கிறது. 2009 இல் அவர் வெளியிட்ட கட்டுரை தலைப்பிலேயே இந்தக் கேள்வியைக் கேட்டது: தும்பிகள் மேற்கு இந்து சமுத்திரத்தைக் கடக்கின்றனவா?

கடக்கின்றன என்றால் ஒரு பெரிய இடைஞ்சல் இருந்தது. ஒக்டோபரில் மாலேயில் நிலமட்டத்துக் காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. அதாவது தும்பிகள் எதிர்க்காற்றில் வந்து சேர்கின்றன. அரைக் கிராம்கூட எடை இல்லாத ஒரு பூச்சி எதிர்க்காற்றில் பல நூறு கிலோமீற்றர் கடலைத் தாண்டாது.

திருகோணமலைக் கடற்றொழிலாளர் காற்றுக்கு வைத்திருக்கும் பெயர்களை எடுத்துக்கொண்டால் அன்டர்சன் கண்ட விடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: கீழே கச்சான், மேலே வாடை.

கச்சான் மேற்கிலிருந்து வரும் காற்று. (திருவிழாவில் கடதாசிச் சுருளில் விற்கும் கச்சான் வேறு.) தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டிக் கிழக்கே இறங்கும்போது சூடேறி வறண்டு போகிறது. அதுதான் மே முதல் செப்டெம்பர்வரை கிழக்கு மாகாணத்தைக் காயவைக்கும் கச்சான். வாடை அதற்கு நேர்மாறு, வங்காள விரிகுடாவின் ஈரத்தோடு வடகிழக்கிலிருந்து வருவது. இந்த இரண்டுக்கும் நடுவே பூமியைச் சுற்றி ஓர் எல்லை ஓடுகிறது. வடக்குப் பக்கக் காற்றும் தெற்குப் பக்கக் காற்றும் முட்டி, வேறு வழியின்றி மேலே எழும் இடம். எழும் காற்றுக் குளிர்ந்து முகிலாகி மழையாகிறது. இலங்கைப் புவியியல் நூல்களில் இதன் பெயர் அயனவிடை ஒருங்கல் வலயம். மழைப்பட்டி என்றால் போதும்.

மழைப்பட்டி சூரியனைப் பின்தொடர்கிறது, ஆனால் சுணங்கித்தான். சூரியன் தெற்கே போகும் வழியில் ஓகஸ்ட் 31 ஐ ஒட்டித் திருகோணமலைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அன்று பன்னிரண்டு மணி கடந்து சில நிமிடங்களில் வெளியில் நட்ட கம்புக்கு நிழல் இராது. நிலமும் கடலும் சூடேறித் தணிய நேரம் எடுப்பதால், மழைப்பட்டி இந்த இடத்துக்கு வர ஒக்டோபர் ஆகிவிடுகிறது. வளிமண்டலவியல் திணைக்களம் ஒக்டோபர், நவம்பரை இரண்டாவது இடைப்பருவக்காற்றுக் காலம் என்று வகுத்திருப்பதும் இதனால்தான்.

அந்த எல்லை நிமிர்ந்த சுவர் அல்ல, சாய்வானது. எல்லை இன்னும் வந்து சேராத ஓர் இடத்தில் நிலமட்டத்தில் மேற்குக் காற்றே வீசிக்கொண்டிருக்கும். அதே இடத்தில் ஆயிரம் மீற்றருக்கு மேலே ஏறினால் காற்று வடகிழக்கிலிருந்து வரும். தும்பி அந்த உயரத்துக்கு ஏறி, அகன்ற பின்னிறக்கையை விரித்து மிதந்தால் போதும். மாலேயில் இறங்கும்போது எதிர்க்காற்றில் வந்தது போலத் தோன்றும். உண்மையில் அது மேல்மாடியில் வந்து கீழே இறங்கியிருக்கிறது.

இதைப் பாலையூற்றிலிருந்தே கண்ணால் சரிபார்க்கலாம், கருவி ஒன்றும் வேண்டாம். அசையாத ஒரு முனை வேண்டும்: லூர்து அன்னை ஆலயத்தின் கோபுரம், ஒரு மின்கம்பத்தின் தலை, எதுவானாலும் சரி. அதற்குக் கீழே அசையாமல் நின்று, முகில் அந்த முனையை எந்தப் பக்கமாகக் கடக்கிறது என்று ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். ஒக்டோபர்ப் பின்னேரங்களில் தாழ்ந்த பஞ்சுமுகில் மேற்கிலிருந்து வரும். அதன் இடுக்கில் தெரியும் மெல்லிய மேல்முகில் கிழக்கிலிருந்து மேற்கே நகரும். ஒரே வானம், இரண்டு எதிரெதிர்ப் பாதைகள். சில நாள் கழித்துத் தாழ்முகிலும் திசை மாறி வடகிழக்கிலிருந்து வரத் தொடங்கினால், மழைப்பட்டி தலைக்கு மேலே தெற்கே கடந்துவிட்டது என்று பொருள். வளிமண்டலவியலாளர் பலூன் விட்டு அதன் போக்கை அளந்து கண்டதும் இதையேதான், எண்களோடு.

இந்தப் பருவத்தில் வானம் காட்டும் இன்னொரு வேடிக்கை நிலவைச் சுற்றி விழும் வட்டம். “எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை” என்பது ஊர்ப்பேச்சு. இவை ஒரே வட்டத்தின் இரு அளவுகள் அல்ல; இரண்டும் வெவ்வேறு பொருளால் ஆனவை. நிலவை ஒட்டினாற்போல் செம்பழுப்பு விளிம்போடு தெரியும் சிறிய வட்டம் நீர்த்துளிகளின் வேலை. துளி சிறிதானால் வட்டம் பெரிதாகும். எட்ட விழும் பெரிய வட்டமோ பனிப்படிகத்தின் வேலை. இந்த வெப்ப நாட்டிலும் சுமார் ஐந்து கிலோமீற்றருக்கு மேலே போனால் உறைகுளிர்தான். அங்கே மிதக்கும் அறுகோணப் படிகங்களின் ஒரு பக்கத்தில் நுழைந்து மறுபக்கத்தில் வெளிவரும் ஒளி ஏறத்தாழ 22 பாகை திரும்புகிறது. படிகத்தின் கோணம் மாறாது என்பதால் இந்த வட்டத்தின் அளவும் மாறாது. கையை முழுதாக நீட்டிச் சாண் விரித்து, பெருவிரல் நுனியை நிலவில் வைத்தால் சுண்டுவிரல் நுனி வட்டத்தை ஏறக்குறையத் தொடும். யாழ்ப்பாணத்தில் தொட்டாலும் டொரொன்டோவில் தொட்டாலும் இதே சாண்.

பழமொழி பலிக்கிறதா? பாதி. இடிமுகில்களின் உச்சி பரந்து விரிந்துதான் இந்தப் பனிமுகில் உண்டாகிறது. விரிகுடாவில் தாழமுக்கம் வலுக்கும்போது அதன் பனித்திரை புயலுக்குப் பல நூறு கிலோமீற்றர் முன்னாலேயே வந்துவிடும். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறியது போன்ற நாள்கள் இந்த மாதங்களில்தான் வருகின்றன. ஆனால் எங்கோ தொலைவில் பெய்து முடித்த இடிமழையின் எச்சமாகவும் அதே திரை மிதந்து வரலாம். வட்டத்தைப் பார்த்துப் படகை ஏற்றுவதைவிட வானொலியைக் கேட்பது நல்லது.

மறுபடி தும்பிக்கு. காற்று இருக்கிறது, திகதிகள் ஒத்துப்போகின்றன. இது சந்தர்ப்ப சாட்சியம் மட்டுமே. மாலேயில் பிடித்த தும்பி உண்மையிலேயே எங்கே பிறந்தது? செய்மதிக் கருவி கட்டிப் பார்க்கலாம் என்று தோன்றும். 2006 இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்காவில் பெரிய பச்சைத் தும்பிகளின் முதுகில் வானொலிக் கருவி ஒட்டினார்கள், அதுவும் செயற்கை இமைமயிர் ஒட்டும் பசையும் சுப்பர் குளூவும் கலந்து. அந்தக் கருவியின் எடை 300 மில்லிகிராம். பச்சைத் தும்பி ஒரு கிராமுக்கு மேல், தாங்கிவிட்டது. தேசாந்தரித் தும்பியின் முழு உடலே அந்தக் கருவியின் எடைதான்.

விடை தும்பியின் இறக்கையிலேயே இருந்தது. நீரில் ஐதரசன் இருக்கிறது. ஐதரசனில் மிகப் பெரும்பகுதி இலேசானது. மிகச் சிறிய பங்கு இரட்டிப்பு எடை கொண்ட பார ஐதரசன். ஒரே மூலகத்தின் எடை வேறுபட்ட இந்த வடிவங்களைச் சமதானிகள் என்பார்கள். கடலிலிருந்து எழுந்த முகில் நிலத்துக்குள் போகப்போக மழையாகக் கொட்டிக்கொண்டே போகிறது. பாரமான நீர் முந்தி விழும், இலேசானது பிந்தி விழும். களத்தில் காற்றுப் பார்த்து நெல் தூற்றும்போது மணி காலடியில் விழ, பதர் தள்ளிப்போய் விழுவது போல. ஆகவே கடலோர மழையில் பார ஐதரசன் சற்றுக் கூட. உள்நாட்டிலும் மலையிலும் குறைவு. அணங்கு தான் வளரும் குட்டையின் நீரிலும், அதே நீரில் வளர்ந்த இரையிலும் இருந்துதான் தன் உடலைக் கட்டுகிறது. தும்பியாகி இறக்கை உலர்ந்து இறுகிய பிறகு அதில் புதிதாக எதுவும் சேராது. பிறகு எத்தனை கடல் தாண்டினாலும் இறக்கையில் பிறந்த குட்டையின் விகிதம் அப்படியே நிற்கும்.

மெக்சிக்கோ மலைக்காடுகளில் குளிர்காலத்தைக் கழிக்கும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகளின் பிறப்பிடத்தை 1998 இல் கண்டுபிடித்ததும் இந்த முறையால்தான். அதைச் செய்த கீத் ஹொப்சனும் லென் வசெனாரும் அன்டர்சனோடு சேர்ந்து மாலைதீவுத் தும்பிகளின் இறக்கைகளைச் சோதித்து 2012 இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த விகிதம் தென்னிந்தியக் கரையோரத்துடையது அல்ல. வட இந்தியாவுக்கும் அதற்கு அப்பாலுக்கும் பொருந்தியது. கடல் தாண்டுவதற்கு முன்பே அவை துணைக்கண்டத்தை நெடுக்காகக் கடந்திருக்கின்றன.

இரவில் என்ன செய்கின்றன? பகலில் பறக்கும் பூச்சி இரவு இளைப்பாற வேண்டும், கடலில் இறங்க இடமில்லை. வட சீனாவின் போஹாய் கடலில் ஒரு சிறு தீவில் ரேடாரும் தேடொளி விளக்குப் பொறியும் வைத்துப் பார்த்தவர்கள், இதே இனம் இரவில் சில நூறு மீற்றர் உயரத்தில், சில வேளை ஆயிரம் மீற்றர்வரை, கூட்டமாகக் கடலைக் கடப்பதை 2006 இல் பதிவு செய்தார்கள். உடலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டு, இறக்கை அடித்தும் மிதந்தும், ஏறத்தாழ 90 மணி நேரம் தாக்குப்பிடிக்க முடியும் என்று 2021 இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யொஹானா ஹெட்லுண்டும் கூட்டாளிகளும் கணித்தார்கள். காற்று ஒத்துழைக்காவிட்டால் அது போதாது. கரை சேராதவை ஏராளம் இருக்க வேண்டும். பரந்து திரியும் இந்தப் பூச்சிக்குக் கண்டங்களும் தடையில்லை போலும்: 2016 இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆசியா, வட அமெரிக்கா, தென் அமெரிக்கா ஆகியவற்றின் தும்பிகளின் மரபணுவை ஒப்பிட்டபோது, ஒரே குடும்பம்போல் நெருங்கியிருப்பதைக் கண்டார்கள்.

இவ்வளவு இறைச்சி வானத்தில் போகும்போது தின்பதற்கு ஆள் இல்லாமலா? பாலையூற்றின் மின்கம்பிகளில் இந்தக் காலத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நீலவால் பஞ்சுருட்டானை ஐந்து நிமிடம் பார்த்தால் போதும். சட்டென்று பாயும்; நடுவானில் ஒரு வெட்டு; அதே கம்பிக்குத் திரும்பும். அலகில் குறுக்காகத் தும்பி. கம்பியில் இடமும் வலமுமாக நாலைந்து தரம் அடித்து, தலைப்பக்கம் திருப்பி விழுங்கும். சில வேளை ஒரு செட்டை கழன்று சுழன்றபடி கீழே விழும். இந்தப் பறவையும் வடக்கிலிருந்து வந்த விருந்தாளிதான். ஒக்டோபரில் வந்து சேரும் ஆறுமணிக்குருவியும் அப்படியே. இரவில் பறந்து வந்து களைத்துப் போய், விடியலில் வீட்டு விறாந்தையிலோ குளியலறையிலோ திகைத்து நிற்கும் ஒன்றை யாராவது பிடித்துக் காட்டாத ஆண்டு குறைவு.

எல்லோரையும் மிஞ்சியது அமூர் வல்லூறு. நூற்றைம்பது கிராம் எடை. 2013 நவம்பரில் நாகாலாந்தில் மூன்று பறவைகளுக்குச் செய்மதிக் கருவி கட்டி அனுப்பினார்கள். அவை இந்தியத் தீபகற்பத்தையும் அரபிக்கடலையும் தாண்டி ஆபிரிக்கா சேர்ந்தன. பூச்சி தின்னும் வல்லூறு நடுக்கடலில் எதைத் தின்னும்? தும்பிகளைத்தான் என்பது அன்டர்சனின் ஊகம்: இரண்டும் ஒரே மாதத்தில், ஒரே காற்றில், ஒரே திசையில் போகின்றன. பார்த்தவர் யாரும் இல்லாவிட்டாலும், வேறு விடை சொல்வது கடினம்.

தும்பி ஏன் மழைக்கு முன் தாழப் பறக்கிறது என்பதற்கும் காற்றுத்தான் காரணமாகத் தெரிகிறது. இடிமுகிலிலிருந்து இறங்கும் குளிர்காற்று நிலத்தில் மோதி முன்னோக்கிப் பரவும். மழைக்குச் சற்று முன் முகத்தில் அடிக்கும் அந்தச் சில்லென்ற காற்று அதுதான். அதன் முன்விளிம்பில் சிறு பூச்சிகள் வாரிக் குவிக்கப்படுகின்றன. வானிலை ரேடார்த் திரையில் மழைக்கு முன்னே ஓடும் மெல்லிய கோடாக அது தெரியும், பெரும்பாலும் பூச்சிகளால் ஆன கோடு. தும்பி தன் சாப்பாடு இருக்கும் உயரத்தில் பறக்கிறது. இது விரைவில் வரும் மழையைச் சொல்லுமே தவிர நாளைய மழையைச் சொல்லாது.

வந்தவற்றில் ஒரு பங்கு இங்கேயே தங்கி முட்டையிடுகிறது. மழைநீர் தேங்கிய எந்தப் பள்ளமும் போதும். மீன் இல்லாத, சில வாரத்தில் வற்றிப்போகும் குட்டைதான் இந்த இனத்துக்கு வாய்ப்பு. மினுங்கும் கிடைப்பரப்பை நீர் என்று அதன் கண் நம்பிவிடுவதால், நிறுத்திய காரின் முன்மூடியில் வாலை முக்கிமுக்கி முட்டையிடும் தும்பியையும் காணலாம். ஒழுங்கான குட்டையில் விழுந்தவை வளர்ந்து எழும்போது வாடை நிலமட்டத்துக்கே இறங்கியிருக்கும். அதில் ஏறிக் கடல் தாண்டும் அவற்றின் சந்ததி ஆபிரிக்க மழையில் பெருகி, மே, யூன் மாதங்களில் சோமாலியக் கரையிலிருந்து எழும் பலத்த தென்மேல் காற்றில் திரும்பி வருகிறது. இங்கே கச்சானாக இறங்கிக் கிணற்றை வற்றவைப்பதும் அந்தக் காற்றின் ஒரு கிளையே. முழுச் சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீற்றர் என்றும், நான்கு தலைமுறை எடுக்கும் என்றும் அன்டர்சன் மதிப்பிட்டார். போன தும்பி திரும்புவதில்லை. திரும்புவது பூட்டப்பிள்ளை.

பாலையூற்றில் இதைத் தொடர்ந்து கவனிக்க விரும்புகிறவருக்கு வேண்டியது ஒரு பழைய கொப்பி. முதல் கூட்டம் தெரிந்த திகதி, அதற்கு முன் மழை பெய்ததா, கோபுரத்தைத் தாழ்முகில் எந்தப் பக்கமாகக் கடந்தது, மேல்முகில் எந்தப் பக்கம். மின்கம்பிக்குக் கீழே கிடக்கும் செட்டை ஒன்றைக் கடதாசி உறையில் போட்டு, இடமும் நாளும் எழுதி ஈரம் படாமல் வைத்தால் அதுவும் ஆய்வுகூடத்துக்குப் போகக்கூடிய சான்று. மாலேயில் அன்டர்சன் தொடங்கியதும் ஆண்டுக்கு ஒரு திகதியில்தான்.